சீர்ச் சிட்டையில் ஒரு மரவை

முதல் பெட்டியை நான் ஜப்பான் பெட்டி என்று நம்பித்தான் வாங்கினேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருந்த ஒருவர், கறுப்பும் சிவப்புமாக இருந்த வட்டப் பெட்டியைத் துண்டால் துடைத்தபடி, "அசல் ஜப்பான்க்கா, செட்டியார் வீட்டுச் சரக்கு" என்றார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். மதுரைப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, திருப்பத்தூர் தாண்டி மேலூர் வருவதற்குள் எத்தனை முறை மூடியைத் திறந்து மூடினேன் என்று கணக்கில்லை. மூடி பெட்டியின் அடிவரை இறங்கும். விட்டால் உள்ளே இருக்கும் காற்றின் மேல் நின்று மெல்ல மெல்லத் தானே இறங்கியது.

வில்லாபுரத்தில் வீட்டுக்கு வந்து குழல்விளக்கின் கீழே கவிழ்த்துப் பார்த்தபோது, அடியில் வட்டம் வட்டமாக எழுத்து இருந்தது. ஜப்பானிய எழுத்து இல்லை. அந்த வட்டங்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எங்கள் அப்பத்தா பால் கணக்கைச் சமையலறைச் சுவரில் அந்த எண்களில்தான் எழுதுவார். பர்மா எழுத்து.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நினைக்கவில்லை. பளபளப்பான கறுப்புப் பூச்சு எதுவானாலும் அதை ஜப்பானோடு சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். இரும்புக் கதவுக்கு அடிக்கும் கறுப்பு வண்ணத்தைக்கூட 'பிளாக் ஜப்பான்' என்றுதான் ஹார்டுவேர் கடையில் கேட்போம். பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் ஜப்பானியப் பெட்டிகளைக் கண்டு மயங்கி, அந்தப் பளபளப்பைத் தங்கள் ஊரிலேயே போலிசெய்து அந்த வேலைக்கே ஜப்பான் என்று பெயர் வைத்ததன் மிச்சம் அது. அப்படிப் பெயர் மாறி வந்த ஒரு பெட்டியால்தான் பெண்களின் சொத்து பற்றி நான் படிக்கத் தொடங்கினேன்.

அப்பத்தா ரங்கூனில் பிறந்தவர். 1931 குடிக்கணக்கின்படி ரங்கூனின் நான்கு லட்சம் பேரில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். அவர்களில் பெண்கள் மிகக் குறைவு. 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அப்பத்தா சிறுமி. லட்சக்கணக்கானோர் அரக்கான், மணிப்பூர் வழியாக நடந்தே வந்த அந்த வருடத்தில் அவர் குடும்பம் நகரவில்லை. 1964இல் நகர வேண்டியதாயிற்று. நே வின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். கப்பலேறும் இடத்தில் சோதனை போட்டு நகையை வாங்கிக்கொண்டார்கள். அப்பத்தாவின் கழுத்தில் இருந்ததும் போயிற்று. வெற்றிலைப் பெட்டி மட்டும் போகவில்லை. மூங்கில் பெட்டிக்கு என்ன விலை என்று விட்டுவிட்டார்களாம்.

அந்தப் பெட்டி எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் பொத்தான், ரேஷன் கார்டு, மூக்குப்பொடி மட்டை எல்லாம் போட்டுவைக்கும் பெட்டியானது. ஒரு கோடை விடுமுறையில் நான் மொட்டைமாடியில் சொப்பு வைத்து விளையாடிவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டேன். மூன்று நாள் மதுரை வெயில். பூச்சு வெடித்து, சோற்றுப் பருக்கை மாதிரி உதிர்ந்துவிட்டது. அப்பத்தா திட்டவில்லை. "போகட்டும்டி" என்று மூங்கிலை அடுப்பில் போட்டார். திட்டியிருந்தால் இத்தனை வருடம் தேடியிருக்க மாட்டேனோ என்னவோ.

வில்லாபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய பெட்டி சேர்ப்பது கொஞ்சம் கூச்சமான காரியம்தான். இது தண்ணீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997 ஏப்ரலில் வெட்டிக் கொல்லப்பட்ட பகுதி. நான் வளர்ந்த காலத்தில் இங்கே பெண்களின் கையில் எப்போதும் இருந்த பாத்திரம் பிளாஸ்டிக் குடம்தான். "அந்தக் காசுக்கு ஒரு கிரைண்டர் வாங்கலாம்ல" என்று அம்மா இன்றும் சொல்வார்.

இந்தப் பெட்டிகளைப் பொதுவாக 'அரக்கு வேலை' என்கிறோம். அரக்கு நமக்குப் புதிதல்ல. பாண்டவர்களைக் குடிவைத்த மாளிகை முதல் தபால் முத்திரை வரை தெரியும். ஆனால் அந்த அரக்கு பூச்சி சுரப்பது. பர்மாவிலும் ஜப்பானிலும் பெட்டிக்குப் பூசுவது மரத்தின் பால். பர்மாவில் அதன் பெயர் தித்சி. ஷான் மலைக்காடுகளில் மரத்தைக் கீறி எடுப்பார்கள். ஜப்பானில் உருஷி. இரண்டு மரங்களும் நம் மாவுக்கும் முந்திரிக்கும் சேராங்கொட்டைக்கும் ஒரே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் உடம்பு என்ன ஆகும் என்று நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. அதே கொப்புளம் பச்சைத் தித்சி பட்டாலும் வரும். இன்னொரு விசித்திரம், இந்தப் பால் வெயிலில் காயாது. ஈரக்காற்றில்தான் இறுகும். அதனால் பகானில் பெட்டிகளை நிலவறையில் வைத்துக் காயப்போடுகிறார்கள். என் பீரோவிலும் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன், அப்பத்தாவின் பெட்டிக்கு வைக்காதது.

மெல்லிய மூங்கில் சிம்புகளைச் சுற்றியோ முடைந்தோ உருவம் செய்கிறார்கள். உயர்ந்த சரக்கில் குதிரைமுடியும் சேரும். சாம்பலும் தித்சியும் பிசைந்த பசையால் இடுக்குகளை அடைத்து, ஒவ்வொரு பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் நாள் கணக்கில் இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். பிறகு இரும்பு எழுத்தாணியால் கைப்போக்கில் கீறுவார்கள். சாதிலிங்கத்தைத் தேய்த்தால் கீறலில் சிவப்பு நிற்கும். அதை மூடிப் பூச்சிட்டு, இறுகியபின் அடுத்த நிறத்துக்கு மறுபடி கீறல். மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அதோடு அவுரி. நல்ல பெட்டி ஒன்று முடிய மாதங்கள் ஆகும். பகானில் 1924இல் அரசு இதற்கென்றே பள்ளி தொடங்கியது. இன்றைய பட்டறைப் படங்களில் எழுத்தாணியோடு குனிந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். என் பெட்டியில் சிவப்புக் கொடிக்குள் ஓடும் மானை யார் கீறியதென்று அடியில் உள்ள எழுத்து சொல்லவில்லை. பர்மா தெரிந்த ஒருவரிடம் படம் அனுப்பிக் கேட்டேன். ஓர் ஆணின் பெயராம். செய்தவர் பெயரும் எழுதுவார்கள், உடையவர் பெயரும் எழுதுவார்கள். கீறியவரின் பெயர் அங்கே வருவதில்லை.

அசல் ஜப்பான் பெட்டி என் கைக்கு வந்ததே இல்லை. ஆனால் அதைத் தேடிப் படித்ததில் இரண்டு பெண்கள் கிடைத்தார்கள்.

ஒருத்தி சியோஹிமே. ஜப்பானை ஆண்ட மூன்றாவது தொகுகாவா ஷோகுன் இயெமிட்சுவின் மகள். 1637இல் பிறந்தாள். 1639இல் அவளை ஒவாரி பிரபுக் குடும்பத்து மிட்சுடோமோவுக்கு மணம் முடித்தார்கள். மூன்று வயது நிறையவில்லை. அவளுக்குப் பெட்டி பெட்டியாகச் சீர் போனது. தங்கத்தூள் தூவிய உருஷி அலமாரிகள், கண்ணாடிப் பெட்டி, சீப்புப் பெட்டி, எழுதுபொருள் பெட்டி. மணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்ளும் சாமான்கூட உண்டு. பால்பல் விழாத குழந்தைக்கு! கோவாமி நாகாஷிகே என்ற கலைஞர் செய்தது என்று செய்தவர் பெயர் பத்திரமாக இருக்கிறது. முரசாகி ஷிகிபு என்ற பெண் எழுதிய கெஞ்சி கதையின் ஓர் அத்தியாயப் பெயரால் அந்தச் சீரை 'ஹட்சுனே' சாமான் என்பார்கள். இப்போது அது நகோயாவில் தொகுகாவா அருங்காட்சியகத்தில் தேசியச் செல்வம்.

இன்னொருத்தி மரீ அந்துவானெத். அவள் தாய், ஆஸ்திரியாவின் மரியா தெரேசா, 1780இல் இறந்தபோது சுமார் ஐம்பது ஜப்பானியப் பெட்டிகளை மகளுக்கு எழுதிவைத்தாள். தாய் மகளுக்கு விட்டுச்சென்ற சொத்து. மகள் மேலும் மேலும் சேர்த்தாள். 1789 அக்டோபரில் பாரிஸ் சந்தைப் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தார்கள் அல்லவா, அதற்குப் பிறகு சில நாட்களில் ராணியின் பெட்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு வணிகரிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று அவை பிரெஞ்சு அருங்காட்சியகங்களில். ரொட்டி கேட்ட பெண்களின் பக்கம்தான் என் மனம். இருந்தாலும் பெட்டிகளின் கதியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

இனி செட்டிநாட்டுக்கு வருகிறேன். ஏனென்றால் என் பெட்டி சீராக வந்தது அங்கேதான்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கீழ் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் அங்கே அவர்களுக்கு 1,650 அளவில் கடைகள் இருந்தன. நெல் விலை விழுந்த அந்தப் பத்தாண்டில் கடனுக்கு ஈடாக நிலம் அவர்கள் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஆறு சதவீதமாக இருந்தது 1938க்குள் இருபத்தைந்து சதவீதம் ஆனது. பர்மிய உழவர்களின் கசப்பு அங்கிருந்துதான். அப்பத்தா மாதிரிக் கூலிக் குடும்பங்களும் பிற்பாடு அந்தக் கசப்புக்கு விலை கொடுத்தார்கள். இதைச் சொல்லாமல் பெட்டியின் அழகை மட்டும் பேசுவது நியாயமில்லை.

ஆண்கள் மூன்று வருடக் கணக்கில் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போனார்கள். பெண்களை அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. ஆச்சிமார் வளவும் கட்டுமாக நீண்டு கிடந்த வீடுகளைக் கட்டிக் காத்தார்கள். திரும்பி வரும்போது தேக்கு வந்தது, தந்தம் வந்தது, இந்தப் பெட்டிகளும் வந்தன. செட்டிநாட்டில் இதற்கு மரவை என்று பெயர். அகராதியில் மரவை என்றால் மரத்தாலான பாத்திரம்தான். மூங்கில் பெட்டிக்கு எப்படி ஒட்டிக்கொண்டதோ. கடைக்காரர்கள் இன்று அதன்மேல் சீட்டு ஒட்டும்போது 'செட்டியார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது' என்று எழுதுகிறார்கள். அத்தோடு அதன் கதை முடிந்துவிடுகிறது.

ஆனால் கொண்டுவந்தவரிடம் அது இருக்கவில்லை. மகளுக்குச் சீராகப் போயிற்று. கல்யாணத்தில் சீர்ச் சாமானைப் பரப்பி வைப்பார்கள். வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், பீங்கான், எனாமல், மரவை என்று வகை வகையாக, ஊரே பார்க்கும்படி. கொடுத்ததெல்லாம் முறைச்சிட்டையில் ஏறும். எத்தனை எடை, எத்தனை எண்ணிக்கை, எல்லாம். பாத்திரத்தில் முதலெழுத்து வெட்டியிருக்கும்.

இந்தச் சிட்டையின் அருமையை எனக்குச் சொன்னது, வேடிக்கையைப் பாருங்கள், ஒரு ஜப்பானியப் பெண்ணின் புத்தகம். யூகோ நிஷிமுரா என்ற மானிடவியலாளர் நகரத்தார் பெண்களின் சொத்து, உறவுமுறை பற்றி ஆராய்ந்து எழுதிய நூல் 1998இல் வந்தது. ஜப்பான் பெட்டி என்று தேடிப் போனவளுக்கு ஜப்பானிலிருந்து இதுதான் கிடைத்தது. வரதட்சணை என்ற ஒரே சொல்லால் நாம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் ரொக்கமும், பெண்ணின் பெயரில் எண்ணி ஏற்றிய சாமானும் ஒன்றல்ல என்று அதைப் படித்தபின்தான் யோசித்தேன். சீரை நான் கொண்டாடவில்லை. வணிகத்திலும் வீட்டிலும் நிலத்திலும் மகளுக்குப் பங்கில்லை என்பதற்கு ஈடாகத்தான் இந்தப் பெட்டிகள் வந்தன. ஆனாலும் வந்தது அவளுடையது. செட்டிநாட்டுக் கணக்குப் புத்தகங்கள் எல்லாம் ஆண்களின் கடன், வட்டி, நிலம் பற்றியவை. ஒரு பெண்ணிடம் இன்னின்ன இருந்தது என்று பேசும் தாள் சிட்டைதான்.

சட்டமும் பிறகு அதையே சொன்னது. கணவனிடம் இருந்தாலும் சீதனம் மனைவிக்கே உரியது, அவன் அதற்குக் காவல்காரன் மட்டுமே என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 1989இல் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று திருத்தம் செய்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களுக்கு அது இல்லை. அதாவது நான் பெட்டி வாங்கிய வீடுகளில் இருந்த ஆச்சிமார் ஒருவருக்கும் அப்போது அது இல்லை. அவர்களிடம் இருந்தது சீர்தான்.

அந்தச் சீரைத்தான் நான் அவர்கள் மகன்களிடம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பத்து வருடத்தில் பதினோரு பெட்டிகள். பெரும்பாலும் கடைகளில், மூன்று நேராக வீடுகளில். பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, பங்காளிகள் கூடி, தூணும் கதவும் விலைபேசும்போது மரவையெல்லாம் பழைய சாக்கோடு ஒரு மூலையில் கிடக்கும். "மொத்தமா எடுத்துக்கங்க மேடம்" என்பார்கள். ஒரு வீட்டில் பேரம் பேசி ஐந்நூறு ரூபாய் குறைத்தேன். வெளியே வரும்போது இரண்டாம் கட்டில் ஒரு வயதான அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து நான் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கும்பிட்டேன். அவர் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவருடையதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும் என்று நினைத்தேன் என்பதுதான் உண்மை.

நிஷிமுராவைப் படித்தது அதற்குப் பிறகு. அந்த வீட்டுக்கு மறுபடி போனபோது பூட்டியிருந்தது. சென்னைக்கு அழைத்துப் போய்விட்டார்கள் என்றார் எதிர்வீட்டுக்காரர். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன தை மாதம் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் அழைத்தார். வீட்டைக் கொடுக்கப்போகிறோம், வந்து பாருங்கள் என்றார். போனேன். அவர் பட்டாசாலையில் நாலு சாமான்களை எடுத்து வைத்திருந்தார். நடுவில் ஒரு பெரிய மரவை, மூடியில் ஓரமெல்லாம் கொடி, பூச்சு ஓர் இடத்தில்கூட விடவில்லை. "ஆச்சி இருக்காங்களா?" என்று கேட்டேன். "இருக்காங்க. அவுங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் நெனப்பில்லை" என்றார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன்.

ஆச்சிக்கு நினைப்பு எல்லாம் இருந்தது. பெட்டகத்தில் இருந்து ஒரு துணிப்பையை எடுக்கச் சொன்னார். மடிப்பில் கிழிந்த சிட்டை. "கண்ணு தெரியலை. நீ படியாத்தா."

படித்தேன். வெண்கலப் பானை இத்தனை, பித்தளை அண்டா இத்தனை என்று வரவர, ஆச்சி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். "அது பெரியவ கல்யாணத்துக்குக் குடுத்தாச்சு." "அது மொதத் தடவை கூரை ஒழுகினப்ப வித்தது." "அது எங்கேன்னு அவன்ட்டதான் கேக்கணும்." மரவை பெரியது ஒன்று என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார். அவருடைய அப்பச்சி பர்மாவிலிருந்து கடைசியாகத் திரும்பியபோது கொண்டுவந்ததாம். அது வீட்டுக்கு வந்தது யுத்தத்துக்கு முன்னால். இவர் பிறந்தது அதற்குப் பின்னால். ஆத்தா அதைப் பரணில் பழைய புடவை சுற்றி வைத்திருந்து, இவர் கல்யாணத்தில்தான் இறக்கினாராம்.

"இதுல என்ன வச்சிருந்தீங்க ஆச்சி?"

"ஒண்ணும் வைக்கலை. எனக்குன்னு வைக்க என்ன இருந்துச்சு? எடுத்துத் தொடைச்சுத் தொடைச்சு வைப்பேன்."

மகன் வாசலில் வந்து நின்றார். ஆச்சி அவரைப் பார்க்காமலே என்னிடம், "அவன் எவ்வளவு சொன்னான்?" என்றார். சொன்னேன். "அது அவன் வெலை. எனக்கு எம்புட்டுத் தருவே?"

அரை மணி நேரம் பேசினோம். என் பத்து வருடப் பேரத்தில் அப்படித் தோற்றதில்லை. மகன் சொன்னதைப் போல ஒன்றரை மடங்கு. நோட்டுகளை நான் ஆச்சியின் கையில் கொடுத்தேன். அவர் எண்ணினார், திரும்ப எண்ணினார், சுருக்குப்பையில் வைத்து இடுப்பில் செருகினார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேனா இருந்தா எடு" என்று ஆச்சி என்னிடம் சொன்னார். சிட்டையில் அந்த வரிக்கு எதிரே 'விற்றது' என்று எழுதச் சொல்லி, தேதியும் போடச் சொன்னார். யார் விற்றது என்று எழுதட்டுமா என்று கேட்டேன். தன் பெயரைச் சொன்னார். முதலெழுத்து இல்லாமல் பெயர் மட்டும்.

நான் மரவையைத் தூக்கியபோது பதறிவிட்டார்.

"மூடியப் புடிச்சுத் தூக்காதத்தா. அடியில கை குடு."